தெற்குக் கரை

அந்தக் கயிறு எவ்வளவு நீளம் இருக்கும் பெரியம்மா?

இல்ல, ஒட்டகத்தைக் கட்டுற கயிறுன்னு உங்க பையன் சொன்னாரு, அதான் கேட்டேன். ரெண்டு கயிறையும் சேர்த்து முடிஞ்சுக்குவாங்களா? அப்ப சரி. என் வீட்டுக்காரரு மாட்டிக்கிட்டு இருக்குற திட்டு ரொம்பக் கீழன்னு சொல்ல முடியாது. இந்தக் கூடாரத்து நடுக்கம்பு மாதிரி அஞ்சாறு கம்பை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா எட்டிரும். ஆனா நேரா இல்ல, நடுவுல பாறை தொந்தி மாதிரி முன்னால தள்ளிட்டு நிக்குது. கயிறு அதுல உரசும். உரசினா அறுந்துராதே? எங்க ஆளு பார்க்கத்தான் ஒல்லி, கனம்னா அப்படிக் கனம். தூக்கத்துல ஒரு காலை என் மேல போட்டாருன்னா, அதை எடுத்துக் கீழ வைக்கிறதுக்குள்ள எனக்குப் பாதி மூச்சு போயிரும்.

உக்காருறேன், உக்காருறேன். நின்னா மட்டும் தெரியவா போகுது. இங்க இருந்து பார்த்தா தரை, அதுக்கு மேல வானம், அவ்வளவுதான். நடுவுல அப்படி ஒரு பள்ளம் வாயைத் தொறந்துட்டுக் கெடக்குன்னு யாரு நம்புவா. நான் ஏறி வந்தப்ப முதல்ல உங்க ஆடுதான் கண்ணுல பட்டுச்சு. ஆடு இருந்தா ஆளு இருக்கும்னு ஓடி வந்தேன்.

காப்பியா? இப்படி வெச்சிருங்க பெரியம்மா. ஆறட்டும். ஏலக்காய் வாசனையே வயித்தை நிரப்பிருச்சு. குடிக்கிறேன், எங்க போயிடப் போகுது.

உங்க அங்கி நல்லா கதகதன்னு இருக்கு. எனக்கு ரெண்டு சுத்து வருது, இன்னொருத்தியையும் உள்ள சேர்த்துக்கலாம் போல. என்னோடதை அடுப்புப் பக்கத்துலயே போட்டு வைங்க, புகை புடிச்சாப் பரவாயில்ல. சின்னவன் தூங்கட்டும். முதுகுல கட்டிட்டு ஏறும்போது அப்படிக் கத்தினான், இப்பப் பாருங்க, ஒண்ணுமே நடக்காத மாதிரி வாயைப் பொளந்துட்டுத் தூங்குறான்.

மழைக் காலத்துல வாதிக்குள்ள, இந்தக் காட்டாத்துப் பள்ளத்துக்குள்ள, குழந்தைகளைக் கூட்டிட்டு வருவாங்களான்னு கேக்குறீங்க. நியாயம்தான். திட்டுங்க, கேட்டுக்கிறேன். ஆனா காலைல வானம் எப்படி இருந்துச்சுன்னு நீங்களும்தான் பார்த்தீங்க. கழுவித் தொடைச்ச தட்டு மாதிரி. ஒரு பஞ்சு மேகம் இல்ல. கிழக்க, மலை மேல எங்கேயோ பெஞ்ச மழை இங்க வந்து நம்மளை அடிக்கும்னு புத்திக்குத் தெரியுது, கண்ணுக்குத் தெரியலையே. வெயில்ல நின்னுட்டு வெள்ளத்துல போறதுன்னா, சொன்னாச் சிரிப்பாங்க.

அவரு சர்க்கா டவுன்ல கல்லறுக்குற பட்டறையில வேலை பார்க்குறாரு. தினம் வீட்டுக்கு வரும்போது இமை முடி எல்லாம் வெள்ளையா, கெழவன் மாதிரி வந்து நிப்பாரு. என் பொண்ணு ஷஹ்லா, ரொம்பச் சின்னதா இருக்கும்போது, அவரு முகம் கழுவுற வரைக்கும் கிட்டப் போக மாட்டா. ரெண்டு நாள் லீவு கெடைச்சுது பெரியம்மா. நான் என் அக்கா வீட்டுக்குப் போலாம், அங்க டிவி இருக்கு, குழந்தைங்க விளையாடும்னேன். இவரு, இல்ல, வாதிக்குப் போவோம், பாறையைப் பார்க்கணும்ங்கிறாரு. வருஷம் பூரா கல்லை அறுக்குற ஆளுக்கு லீவு விட்டாக் கல்லைப் பார்க்கணுமாம். யாரும் அறுக்காத கல்லைப் பார்த்து நாளாச்சுடீன்னாரு. அப்படிச் சொன்ன மனுசன்கிட்ட என்னத்தைப் பேசுறது.

வடக்குக் கரையில, அவரு கூட வேலை பார்க்குறவரோட சொந்தக்காரங்க கூடாரம் ஒண்ணு சும்மா கெடந்துச்சு. நேத்து சாயந்திரம் அங்க வந்து இறங்கினோம். தக்காளியை எண்ணெயில போட்டு வதக்கி, பச்சை மிளகாய் கீறிப் போட்டு, ரொட்டியைப் பிச்சுப் பிச்சு ஒரே சட்டியில நாலு பேரும் தின்னோம். சின்னவனுக்கு மூக்கு வரைக்கும் தக்காளி. எங்க வீட்டுல ரெண்டு ரூம், ஜன்னலைத் தொறந்தா அடுத்த வீட்டுச் செவுரு. அங்க தின்னா அது சாப்பாடு. இங்க தின்னப்ப வேற என்னமோ. இன்னைக்குக் காலைல கீழ இறங்கினோம். அந்த இடுக்கு இருக்குல்ல, ரெண்டு பக்கமும் கையை நீட்டினாப் பாறை தொடுமே, அங்க ஷஹ்லா ஓடி ஓடி ரெண்டு செவுத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தா. அதைத் தாண்டினா கணுக்கால் தண்ணி. அவரு செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, வெந்த பாறை மேல மல்லாக்கப் படுத்துட்டாரு. பாடினாரு கூட. எங்க கல்யாணத்துக்கு அப்புறம் அவரு பாடி நான் கேக்கல. நான் அவரு தொடையில தலையை வெச்சுக் கண்ணை மூடுனவதான்...

சத்தம். அது என்ன சத்தம் பெரியம்மா?

லாரியா. ரோட்டுல போற லாரியா. கீழ இருந்து வரலையே? நல்லாத் தெரியுமா? சரி. சரி. எனக்கு இப்ப எந்தச் சத்தம் கேட்டாலும் அப்படித்தான் இருக்கு. ரெண்டாவது தண்ணி ஒண்ணு வரும்னு உங்க சின்னப் பையன் மாஜித் சொல்லிட்டுப் போனாரு. முதல் தண்ணியை விட அது பெருசா வரும்னு. அது வர்றதுக்குள்ள தூக்கிரணும்னு அண்ணன்கிட்டச் சொன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு, எனக்குக் கேட்டுருச்சு.

ஆமா, சொல்றேன். பேசிட்டே இருந்தா எனக்கும் நல்லது. முதல்ல வாசனை வந்துச்சு. ஈர மண்ணு வாசனை, அது கூட ஒரு காத்து, குளிரா. பள்ளத்துக்குள்ள எங்க இருந்து காத்து வரும்னு நான் யோசிக்கிறேன், இவரு எந்திரிச்சு உக்காந்துட்டாரு. கால் கிட்ட ஓடுன தண்ணி டீ கலருக்கு மாறுது. அவரு என்னைப் பார்த்தாரு. அப்பத்தான் மலைக்குள்ள இருந்து யாரோ கல் வண்டியைக் கவுத்து விட்ட மாதிரி வருது.

ஷஹ்லா அந்த நேரம் ஓணானைத் தொரத்திட்டு, தண்ணியைத் தாண்டி இந்தப் பக்கம் நின்னா. இந்தப் பக்கம், தெற்குப் பக்கம். எங்க கூடாரம், எங்க மூட்டை முடிச்சு, வந்த பாதை எல்லாம் அந்தப் பக்கம். குழந்தை எந்தப் பக்கம் நின்னாளோ அந்தப் பக்கம்தானே ஓட முடியும். வேற யோசனை வருமா ஒரு தாய்க்கு? அவளை அவரு தூக்கி எறிஞ்சாரு, பெரியம்மா, பொய் சொல்லல, மாவு மூட்டையைத் தூக்கி எறியுற மாதிரி மேல திட்டுல எறிஞ்சாரு. அடுத்துச் சின்னவனை. அடுத்து என்னை, கீழ இருந்து தள்ளு தள்ளுன்னு. அவரு ஏறும்போது தண்ணி வந்துருச்சு. ஒரு மரம், முழு மரம், வேரோட வந்து அவரு கால்ல மோதிட்டுப் போச்சு. ஏறிட்டாரு. ஏறி உக்காந்தப்பறம் பார்த்தா, பாதம் வேற பக்கம் பார்த்துட்டு இருக்கு.

தண்ணி திட்டுக்குக் கீழ ஓடிட்டு இருந்துச்சு. அப்புறம் பார்த்தா திட்டோட விளிம்பை நக்குது. அங்க இருந்து மேல ஆடு ஏறுற தடம் ஒண்ணு இருந்துச்சு. ரெண்டு காலும் நல்லா இருக்குறவங்களே நாலு காலால ஏறணும். நான் மேல போய் ஆளைக் கூட்டிட்டு வர்றேன்னேன். வேணாம்னாரு. இங்கேயே இரு, தண்ணி வடியட்டும், வடக்கே நாமளே போயிரலாம்னாரு. எப்படிப் போவீங்க, பறந்தான்னு கேட்டேன். சண்டை போட்டோம். அங்க உக்காந்து, கீழ தண்ணி, மேல பாறை, நாங்க சண்டை போடுறோம். கடைசியில நான் சின்னவனைத் துண்டால முதுகுல கட்டினேன், ஷஹ்லாவை முன்னாடி விட்டேன், திரும்பிப் பார்க்காம ஏறிட்டேன். அவரு பின்னாடி இருந்து எதையோ சொன்னாரு. தண்ணிச் சத்தத்துல கேக்கல.

ஏன் போக வேணாம்னாரா? அது... ஆம்பளைங்க அப்படித்தானே பெரியம்மா. இன்னொருத்தர்கிட்டப் போய் நிக்கிறதுன்னா அவங்களுக்கு உயிரு போன மாதிரி.

ஷஹ்லா, தள்ளி உக்காரும்மா, அடுப்புல கை வெச்சுருவ. ஐயோ, அவ கையில என்ன? ரொட்டியா. எப்பக் குடுத்தீங்க? நான் பார்க்கலையே. இல்ல பெரியம்மா, கோவம் எல்லாம் இல்ல. பசிச்சிருக்கும். தின்னுட்டாளா, பாதி தின்னுட்டாளா. சரி, தின்னட்டும். குழந்தைதானே. எனக்கு வேணாம், இப்ப வேணாம். அவரு வரட்டும்.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் தலைவிரிகோலமா வந்து நின்னேன். நீங்க யாருன்னு கேக்கல. எந்த ஊருன்னு கேக்கல. பேரு கேக்கல. எந்தப் பக்கம், எந்தத் திட்டு, தண்ணி எவ்வளவுன்னு அது மட்டும் கேட்டீங்க. வந்தவங்களை மூணு நாளைக்கு ஒண்ணும் கேக்கக் கூடாதுங்கிறதை இன்னும் விடாம வெச்சிருக்கீங்க. எங்க தெருவுல எல்லாம் மாடிப்படி ஏறி முடிக்கிறதுக்குள்ள மூணு கதவு தொறக்கும். யாரு வந்தது, எத்தனை நாள் தங்குவாங்க, கல்யாணம் ஆயிடுச்சா, எல்லாம் விசாரிச்சுட்டுத்தான் வழி விடுவாங்க. உங்க ரெண்டு பசங்களும் கயிறைத் தோள்ல போட்டுட்டு ஓடினாங்களே, நான் அதை என்னைக்கும் மறக்க மாட்டேன். எது எப்படி ஆனாலும் மறக்க மாட்டேன்.

துப்பாக்கி எதுக்குப் பெரியம்மா எடுத்துட்டுப் போனாங்க? உங்க மூத்தவரு, ஷிப்லிதானே, அவரு கம்புல தொங்குனதை எடுத்து மாட்டிட்டுப் போனாரே.

ஓ. மேல ஏத்திட்டா ஒரு வெடி. அதான் அடையாளமா. இங்க இருக்குறவங்களுக்குத் தெரியணும்னு. நல்ல பழக்கம்தான். ஒண்ணுதானே வெடிப்பாங்க?

சும்மா கேட்டேன்.

என் பேச்சு உங்க பக்கத்துப் பேச்சு மாதிரி இருக்கா? இருக்கும். அது... நான் பொறந்தது இந்த மலைப் பக்கம்தான் பெரியம்மா. சர்க்காவுக்குப் போயும் நாக்கு திருந்தல. அங்க கடையில நான் வாயைத் தொறந்தா, எந்த ஆட்டுப்பட்டியில இருந்து வந்தன்னு கிண்டல் பண்ணுவாங்க. எந்த ஊருன்னு... பெரிய ஊரு எல்லாம் இல்ல. ஒரு கிணறு, ஒரு பள்ளிக்கூடம். ஆறாங்கிளாசு வரைக்கும் அதுல படிச்சேன். இப்ப அங்க எங்க ஆளுங்க யாரும் இல்ல.

அந்தப் பக்கத்துக் கூடாரத்து அம்மா உங்களைப் பவாஸம்மான்னு கூப்பிட்டாங்கல்ல, விளக்கு குடுங்க பவாஸம்மா, இருட்டுனாலும் இருட்டிரும்னு. நான் அப்பத்தான் சின்னவனை மடியில இருந்து இறக்கினேன். ஷிப்லி ஒருத்தர், மாஜித் ஒருத்தர், அப்ப பவாஸ் யாருன்னு நெனைச்சேன். அப்புறம் மேல பார்த்தேன். கம்புல, துப்பாக்கி தொங்குன ஆணிக்குப் பக்கத்துல. கறுப்புத் துணி சுத்தின போட்டோ.

மூத்தவரா? ஷிப்லிக்கும் மூத்தவரா. நல்ல முகம் பெரியம்மா. சிரிப்பை அடக்கிட்டுப் போட்டோவுக்கு நின்ன மாதிரி இருக்கு. அல்லா அவருக்கு நல்ல இடம் குடுக்கணும்.

சொல்லணும்னு இல்ல. உங்களுக்குக் கஷ்டமா இருந்தா விடுங்க. நான் கேட்டிருக்கக் கூடாது.

...ஆட்டுச் சந்தையில. ம். தண்ணி லாரிக்கு வரிசையில நிக்கும்போது. அதுக்கா? ஒரு டிரம்மு முன்னாடி பின்னாடி நின்னதுக்கா. ஆமா, நானும் கேள்விப்பட்டேன். எல்லாருக்கும்தானே தெரியும். இந்தச் சுத்து வட்டாரம் பூராத் தெரியும். கத்தியை எடுத்துட்டான். ஜத்ஆன்னு பேரு. ம். ஜெயில்ல இருக்கான். ஆமா.

பெரியம்மா, கண்ணைத் தொடைச்சுக்குங்க. அந்த ரொட்டியை நான் திருப்புறேன். வேணாமா, சரி.

அவனோட ஆளுங்க எல்லாம்? அவங்க அன்னைக்கே கெளம்பிட்டாங்கல்ல. பொழுது விடியுறதுக்குள்ள. பெரியவங்க உக்காந்து எல்லை போட்டாங்க, இந்த வாதிதான் எல்லை, தெற்க ஒருத்தரும் கால் வைக்கக் கூடாதுன்னு. ஆமா, அதுதான் முறை, கொன்னவன் வீட்டாளுங்க, சித்தப்பன் பெரியப்பன் மக்க எல்லாரும் போயிரணும். செத்தவன் வீட்டுக்காரங்க கண்ணுல தெனம் பட்டா ரத்தம் சும்மா இருக்குமா. நியாயம்தான். நான் நியாயம் இல்லன்னு சொல்லல.

என்ன சொல்ல வந்தேன்னா, அந்த வீடுகள்ல அன்னைக்கு மாசமா இருந்தவ ஒருத்தி இருந்திருப்பா. கத்தி எந்தக் கையில இருந்துச்சுன்னு கூட அவளுக்குத் தெரிஞ்சிருக்காது. அடுப்புல பருப்பைப் போட்டபடி விட்டுட்டு லாரியில ஏறியிருப்பா. ஒரு மூட்டைக்கும் அவ வயித்துக்கும்தான் இடம் இருந்திருக்கும். இல்ல பெரியம்மா, நான் யாருக்கும் பரிஞ்சு பேசல. உங்க வலி எங்க, அது எங்க. வாய் சும்மா இருக்காம எதையோ உளறுது. பயத்துல இருக்கேன்ல.

வாதிக்கு இந்தப் பக்கம் ஒருத்தன் வந்தா? வந்தா உங்க பசங்க என்ன செய்வாங்க?

ஷிப்லி சத்தியம் பண்ணியிருக்காரா. தம்பி மையித்து மேல, இல்ல இல்ல, அண்ணன் மையித்து மேல. ம். அந்த உசுரு போன உடம்பு மேலயே கையை வெச்சுச் சத்தியம் பண்ணினாரா. பெரியவங்க சமாதானம் பேச வந்தப்ப எல்லாம் இடத்தை விட்டு எந்திரிச்சுப் போயிட்டாரா. ம்.

மாஜித்? அவரு சின்னவரு. அண்ணன் சொன்னதுதான்.

நீங்க? நீங்க என்ன சொன்னீங்க அவங்களுக்கு?

மாவைத் தட்டிட்டே இருக்கீங்க.

தண்ணி கொஞ்சம் குடுங்களேன். இல்ல, இருக்கட்டும், வேணாம். வாய் காஞ்ச மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். அதோ, அதோ அது லாரி இல்ல பெரியம்மா. அது லாரி இல்ல. நான் காலைல கேட்டேன், எனக்குத் தெரியும். அதே சத்தம். தரை நடுங்குது பாருங்க, கிண்ணத்துல காப்பி ஆடுது. ரெண்டாவது தண்ணி. அல்லா, அல்லா. கயிறு இறங்கியிருக்குமா? அவங்க போய் இவ்வளவு நேரம் ஆச்சே, இறங்கியிருக்கும்ல? உங்க பசங்களுக்கு இந்தப் பள்ளம் தெரியும், கல்லு கல்லாத் தெரியும், நீங்கதானே சொன்னீங்க. கட்டிக்கிட்டிருப்பாருல்ல? அவரு கயிறு கட்டக் கத்துக்கிட்டவரு, பட்டறையில கல்லைக் கட்டித் தூக்குற ஆளு, முடிச்சு நல்லாப் போடுவாரு. ஷஹ்லா, இங்க வா, அம்மா மடியில வா. ஒண்ணும் இல்லடா. அப்பா வந்துருவாரு. அழக் கூடாது, தம்பி எந்திரிச்சுருவான். பெரியம்மா, என் கையைப் புடிச்சுக்குங்க. கொஞ்ச நேரம் புடிச்சுக்குங்க. உங்க கை மாவா இருந்தாப் பரவாயில்ல.

வெடி.

வெடிதானே அது? ஒண்ணு. ஒண்ணுதான் கேட்டுச்சு, உங்களுக்கும் ஒண்ணுதானே? இருங்க. இருங்க, பேசாதீங்க, இன்னொண்ணு வருதான்னு...

வரல.

நீங்க சிரிக்கிறீங்க. ஏறிட்டாருங்கிறீங்க. ஆமா, அதுதானே அடையாளம். நான் ஏன் சிரிக்க மாட்டேங்குறேன்னு பார்க்குறீங்க. ஒரு வெடி எதுக்கு வேணும்னாலும் வெடிக்கலாமே பெரியம்மா. இருங்க, குரல் கேக்குதா பார்ப்போம். ஷஹ்லா, மூச்சு விடாம இரு.

அது அவருதான். ஷஹ்லாவைக் கூப்பிடுறாரு. அப்பா குரல்தானேம்மா அது? அப்பாதான். உசுரோட இருக்காரு. அல்ஹம்துலில்லா. அல்ஹம்துலில்லா.

வாசல் தட்டியை ஒதுக்கிப் பார்க்குறேன். தூரத்துல தெரியுறாங்க. ஒருத்தர் முதுகுல ஏத்திட்டு வர்றாரு. ஷிப்லியா அது? ஷிப்லிதான், தோள் அகலத்தைப் பார்த்தாத் தெரியுதே. மாஜித் பின்னால காலைத் தாங்கிட்டு வர்றாரு. எங்க ஆளு ஷிப்லி கழுத்தைக் கட்டிட்டு வர்றாரு பெரியம்மா. குழந்தை மாதிரி.

காப்பியா. இப்பவாவது குடின்னா... இல்ல. இன்னும் குடிக்க முடியாது. ஆறிப் போச்சுன்னு வேற ஊத்த வேணாம். பெரியம்மா, நான் தொடாம வெச்சிருக்குறதை நீங்க அப்பவே பார்த்துட்டீங்க. ஒரு தடவை இல்ல, வந்து வந்து அந்தக் கிண்ணத்தைத்தான் பார்த்தீங்க. காப்பியைத் தொடாம வெச்சா வந்தவங்களுக்கு ஒரு காரியம் ஆகணும்னு அர்த்தம், எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நீங்க என் வீட்டுக்காரரைத் தூக்குறதுதான் காரியம்னு நெனைச்சுக்கிட்டீங்க. அது முடிஞ்சும் இவ ஏன் குடிக்கலைன்னு இப்ப யோசிக்கிறீங்க.

என்ன காரியம்னு கேட்டுட்டீங்க. நல்லதாப் போச்சு. நானா ஆரம்பிக்க நாக்கு எழும்பல.

என் பேரு ருதைனா. அவரு பேரு நாயிப். ஜத்ஆன் அவருக்குப் பெரியப்பா மகன்.

ரொட்டி கருகுது பெரியம்மா. அதைப் பார்த்துக்குங்க. இல்ல நான் எடுக்கட்டுமா? எடுத்து வெச்சுட்டேன். கை சுட்டுக்கல.

அந்த மாசமா இருந்தவ நான்தான். அது சின்னவன் இல்ல, அதுக்கு முன்னாடி ஒண்ணு. நிக்கல. அதை விடுங்க, அதைச் சொல்லி உங்ககிட்ட எதையும் வாங்க வரல. நாங்க எல்லையைத் தாண்டணும்னு வரல. அன்னைக்கு லாரியில ஏறினதுல இருந்து மூணு வருஷமா அந்தக் கரையைத் தாண்டாதவங்க. என் பொண்ணு ஓணான் பின்னாடி ஓடிட்டா, அவ்வளவுதான். திட்டுல உக்காந்து அவரு வேணாம் வேணாம்னு சொன்னது இதுக்குத்தான். எந்தக் கரையில ஏறுறேன்னு தெரிஞ்சுதான் ஏறினேன். உங்க கூடாரம்னு மட்டும் தெரியாது. பவாஸம்மான்னு அந்த அம்மா கூப்பிடுற வரைக்கும் சத்தியமாத் தெரியாது. அப்ப உங்க பசங்க கயிறை எடுத்துட்டுக் கெளம்பியாச்சு. அப்பவே சொல்லியிருந்தா? நீங்க சொல்லுங்க, நான் அப்பவே சொல்லியிருந்தா அந்தக் கயிறு கீழ இறங்கியிருக்குமா? வாயை மூடிக்கிட்டேன். அவரு மேல வரட்டும், அதுக்கப்புறம் நீங்க என்ன செஞ்சாலும் சரின்னு மூடிக்கிட்டேன்.

ஆனா குடிக்கல. குடிச்சுட்டு, உப்பு போட்டுத் தின்னுட்டு, அப்புறம் பேரைச் சொல்லியிருந்தா நீங்க மாட்டிக்குவீங்க, விருந்தாளியைக் காப்பாத்தியே ஆகணும்னு ஆயிரும். செத்த பிள்ளை போட்டோவுக்குக் கீழ உக்காந்து உங்களை அப்படிக் கட்டிப் போட எனக்கு மனசு வரல. பொண்ணு தின்னுட்டா. அவ ரொட்டியைக் கணக்குல வெக்காதீங்க. அவ குழந்தை.

போங்கன்னு சொன்னாப் போயிடுறோம். குழந்தைகளைத் தூக்கிட்டு இந்த அங்கியோடயே போவேன். ஆனா அவரால நடக்க முடியாது பெரியம்மா. அவரு அவங்க முதுகுல வர்றாரு.

உங்க பசங்களுக்கு அவரு முகம் தெரியாது, இன்னும் அவரு பேரைச் சொல்லல போல. சொல்லியிருந்தா இப்படித் தூக்கிட்டு வர மாட்டாங்க. வலியில பல்லைக் கடிச்சுட்டு வர்றாரு, அதான். கீழ உக்கார வெச்ச உடனே, ஒரு வாய் தண்ணி குடுத்த உடனே சொல்லுவாரு. நான் நாயிப், இன்னார் மகன், இன்னார் பேரன், உங்க கடனை மறக்க மாட்டேன்னு. சொல்லாதீங்கன்னு நான் கெஞ்சினாலும் சொல்லுவாரு. என் உசுரைப் புடிச்சுத் தூக்கினவன்கிட்டப் பேரை மறைச்சா நான் மனுசனான்னு கேப்பாரு. அவரு அப்படித்தான். அந்தப் பேரு ஷிப்லி காதுல விழுந்தா, அவரு தோள்ல துப்பாக்கி தொங்குது. அண்ணன் மேல பண்ணின சத்தியம். அவரும் என்ன செய்வாரு, பாவம்.

ஆடு ஒதுங்குது, கிட்ட வந்துட்டாங்க. கல்லுல செருப்பு தேயுறது கேக்குது.

நான் ஜத்ஆனை மன்னிக்கச் சொல்லல. சமாதானத்துக்கு ஒத்துக்கச் சொல்லல. பவாஸை நெனைச்சு அழுற அழுகையில ஒரு சொட்டு கொறைக்கச் சொல்லல. நாளைக்கு விடிஞ்சதும் அவரைக் கழுதை மேல ஏத்தியாவது வடக்கே கொண்டு போயிடுறேன், உங்க கண்ணுல பட மாட்டோம். உங்க கிட்ட எதிர்த்துப் பேச அவங்களுக்கு வாய் வராது, நீங்க சொன்னா அது அவங்களுக்கு முடிஞ்ச பேச்சு. பெரியம்மா, எந்திரிச்சு வெளிய போங்க. அவரைக் கீழ இறக்குறதுக்கு முன்னாடி, அவரு வாயைத் தொறக்குறதுக்கு முன்னாடி, இவரு என் விருந்தாளின்னு உங்க வாயால ஒரே ஒரு தடவை, அவங்க ரெண்டு பேரு காதுலயும் விழுற மாதிரிச் சொல்லிருங்க.